கிளாட் லாஜிக்கல் ரீசனிங்: தேர்வு முடிந்தபின் விடைகளை ஒப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர எழுதும் தேர்வு கிளாட். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் இதன் வழியாகத்தான் போக வேண்டும். 2 மணி நேரம், 120 கேள்விகள். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறான விடைக்கு 0.25 குறையும். இதில் 22 முதல் 26 கேள்விகள் வரை லாஜிக்கல் ரீசனிங், அதாவது தர்க்கப் பகுதி. தேர்வறையை விட்டு வெளியே வந்ததும் அதிகம் வாக்குவாதம் நடப்பது இந்தப் பகுதியைப் பற்றித்தான். கீழே உள்ளவை இளநிலைத் தேர்வை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

இந்தப் பகுதியில் மட்டும் ஏன் ஆளுக்கொரு விடை வருகிறது?

பொது அறிவுக் கேள்வி என்றால் தேடிப் பார்த்துவிடலாம். கணக்கு என்றால் போட்டுப் பார்த்துவிடலாம். லாஜிக்கல் ரீசனிங்கில் ஏறக்குறைய 450 சொற்கள் கொண்ட ஒரு பத்தியைத் தந்து, அதில் ஆசிரியர் எதை நிறுவப் பார்க்கிறார், எதன்மேல் நின்று பேசுகிறார், எது அவரை வலுப்படுத்தும், எது தளர்த்தும் என்று கேட்கிறார்கள். நான்கு ஆப்ஷனில் இரண்டை யாரும் உடனே தள்ளிவிடுவார்கள். மீதி இரண்டில்தான் சண்டை.

அந்தச் சண்டையைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும். ஒருவர் கேள்வியையே வேறாகப் படித்திருப்பார்: "தளர்த்துவது எது" என்பதை "தளர்த்தாதது எது" என்று. அல்லது பத்தியில் இல்லாத, தனக்குத் தெரிந்த செய்தியை உள்ளே கொண்டுவந்திருப்பார். இல்லாவிட்டால், கேள்வியே உண்மையில் கோணலாக இருக்கும். கடைசி வகை குறைவு. ஆனால் வெளியே வந்ததும் எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான்.

ஒப்பிட உட்காருவதற்கு முன் கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

வினாத்தாள் புத்தகம், ஓஎம்ஆர் தாளின் (விடை வட்டங்களை நிரப்பும் தாள்) கார்பன் நகல், வேறு நிற பேனா ஒன்று. வினாத்தாளில் நீங்கள் போட்டு வைத்த டிக்கை நம்பி ஒப்பிடாதீர்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் ஓஎம்ஆரில் மாற்றி நிரப்பியது புத்தகத்தில் ஏறியிருக்காது. கார்பன் நகலில் உள்ளதே உங்கள் விடை. நகலில் மங்கலாக விழுந்த வட்டங்களை அன்று மாலையே பேனாவால் பக்கத்தில் எழுதி வையுங்கள், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தெரியாது. ஒரே கேள்விக்கு இரண்டு வட்டம் விழுந்திருந்தால் அதைத் தவறு என்றே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது செட். ஏ, பி, சி, டி என்று வினாத்தாள் மாறும். கேள்வி எண்ணும் மாறும். "92-க்கு என்ன போட்டே?" என்ற கேள்வியில் தொடங்கும் பாதிக் குழப்பம் இதுதான். செட் எழுத்தை முதலில் சொல்லுங்கள். வேறு செட் என்றால் பத்தியின் முதல் நான்கு சொற்களையும், கேள்வியின் முதல் வரியையும் வைத்துப் பொருத்துங்கள். ஆப்ஷனையும் எழுத்தால் சொல்லாமல் வாசகத்தால் சொல்லுங்கள்.

நண்பர்களோடு டேலி பண்ணுவதற்கு நல்ல முறை எது?

தனித்தனியே எழுதி, பிறகு சேர்ந்து பார்ப்பது. மூன்று அல்லது நான்கு பேர் போதும். ஒவ்வொருவரும் ஒரு தாளில் நான்கு கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள்: கேள்வி எண், ஓஎம்ஆரில் நிரப்பிய விடை, எவ்வளவு உறுதி (உறுதி, இரண்டில் ஒன்று, குருட்டடி), எந்த வரியை வைத்து அந்த விடை. கடைசிக் கட்டத்தை நிரப்பும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது.

அதை நிரப்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேச ஆரம்பித்ததும் கூட்டத்தில் நன்றாகப் படிப்பவர் என்று பெயரெடுத்தவர் ஒரு ஆப்ஷனைச் சொல்வார்; மற்ற மூவரும் "நானும் அதைத்தான் யோசித்தேன்" என்பார்கள். நால்வர் ஒத்துப்போனதாகத் தோன்றும். உண்மையில் கருத்துச் சொன்னவர் ஒருவர்தான்.

பிறகு வேறுபட்ட கேள்விகளை மட்டும் எடுங்கள். ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடம். முதலில் கேள்வியின் வாசகத்தைச் சத்தமாகப் படியுங்கள். அப்போதே பாதி வேறுபாடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஒவ்வொருவரும் தன் விடைக்கு ஆதரவாகப் பேசாமல், எதிராளியின் ஆப்ஷன் எந்தச் சொல்லால் தவறாகிறது என்று சொல்ல வேண்டும். "இது பொருந்தும்" என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். "இந்தச் சொல் பத்தியில் இல்லை" என்று விரல் வைத்துக் காட்டுவது கடினம்.

ஐந்து நிமிடத்திலும் தீராததை "தகராறு" என்று குறித்துவிட்டு நகருங்கள். ஒப்பிட்டதன் பயனே அந்தச் சிறு பட்டியல்தான்.

இருவர் விடையும் சரி போலவே இருக்கிறதே, அப்போது?

ஒரு மாதிரி பார்க்கலாம். பத்தியின் சாரம் இது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நகராட்சி பேருந்து நிறுத்தங்களில் நிழற்குடை கட்டியது. அடுத்த ஆறு மாதத்தில் பயணிகள் கூடினார்கள். எனவே, நிழற்குடைதான் மக்களைப் பேருந்துக்கு இழுத்தது.

கேள்வி: இந்த வாதத்தை மிகவும் தளர்த்துவது எது?

(அ) அதே ஆறு மாதத்தில் அந்த நகரத்தில் பேருந்துக் கட்டணம் குறைக்கப்பட்டது.
(ஆ) சில நிழற்குடைகளின் கூரை ஒழுகுகிறது.
(இ) நிழற்குடை பிடித்திருக்கிறது என்று பயணிகள் பலர் சொன்னார்கள்.
(ஈ) வேறொரு நகரத்தில் நிழற்குடை கட்டியும் பயணிகள் கூடவில்லை.

(இ) வலுப்படுத்துகிறது, தள்ளிவிடலாம். (ஆ) குறை சொல்கிறதே தவிர, காரணத்தைத் தொடவில்லை. தகராறு (அ)வுக்கும் (ஈ)க்கும். (ஈ) போட்டவர் சொல்வது பொய்யில்லை. அதுவும் கொஞ்சம் தளர்த்துகிறது. ஆனால் அந்த வேறொரு நகரத்தில் பேருந்தே மணிக்கொன்று ஓடியிருக்கலாம். இரண்டும் ஒப்பிடத் தக்கவை என்று பத்தி எங்கும் சொல்லவில்லை. (அ)வோ அதே நகரம், அதே ஆறு மாதம், பயணிகள் கூடியதற்கு வேறொரு காரணம். கேள்வியில் "மிகவும்" என்று இருப்பதால் (அ)தான் விடை.

கவனியுங்கள், (ஈ) போட்டவர் தன் ஆப்ஷன் தளர்த்துகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டார். (அ)வோடு எடை போட்டுப் பார்க்கவில்லை. "மிகவும்", "மிகச் சிறந்த" என்று வரும் கேள்வியில் ஒரு ஆப்ஷன் தன்னளவில் சரியாக இருப்பது போதாது. "இரண்டு விடை சரி" என்று ஆட்சேபம் எழுதக் கிளம்புவோரில் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

அதிகம் தகராறு வரும் கேள்வி வகைகள் எவை?

முதலிடம் அசம்ப்ஷன் கேள்விகளுக்கு, அதாவது வாதம் சொல்லாமல் நம்பியிருக்கும் கருத்தைக் கேட்பவை. இதற்கு ஒரு சோதனை உண்டு: ஆப்ஷனை மறுத்துப் பாருங்கள். மறுத்ததும் வாதம் சரிந்தால் அதுதான் விடை, விழாமல் நின்றால் இல்லை.

"நூலகத்தை இரவு 10 மணி வரை திறந்துவைத்தால் மாணவர்கள் இன்னும் அதிக நேரம் அங்கே படிப்பார்கள்" என்பது வாதம். ஓர் ஆப்ஷன்: "இப்போது மூடும் நேரத்துக்குப் பிறகும் அங்கே படிக்க விரும்பும் மாணவர்கள் இருக்கிறார்கள்." மறுத்தால், அப்படி ஒருவரும் இல்லை, வாதம் விழுந்தது. இன்னோர் ஆப்ஷன்: "எல்லா மாணவர்களும் நூலகத்தில் படிப்பதையே விரும்புகிறார்கள்." மறுத்தால், எல்லாரும் அல்ல, சிலருக்கு வீடுதான் பிடிக்கும், வாதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதைப் போடுவோர் அதிகம், ஏனென்றால் அது பலமாக ஒலிக்கிறது. அசம்ப்ஷன் கேள்வியில் அடக்கமான ஆப்ஷனுக்கே வாய்ப்பு அதிகம்.

அடுத்து வருவது முடிவு காணும் கேள்வி. "கட்டாயம் உண்மை" என்று கேட்டால் பத்தியை விட்டு ஓர் அடிகூட நகரக் கூடாது. "பெரும்பாலும் உண்மையாக இருக்கக்கூடியது" என்றால் சிறிய தாவல் பரவாயில்லை. இருவரில் ஒருவர் முதல் அளவுகோலையும் மற்றவர் இரண்டாவதையும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுவதைப் பார்க்கலாம்.

மூன்றாவது, ஆங்கிலச் சொற்கள். தேர்வு ஆங்கிலத்தில் என்பதால், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு "இஃப்", "ஒன்லி இஃப்", "அன்லெஸ்" மூன்றும் காலை வாரும். உண்மையில் இந்த வேறுபாடு நம் பேச்சிலேயே துல்லியமாக இருக்கிறது. "75 சதவீத வருகை இருந்தால் தேர்வெழுத விடுவார்கள்" என்பது இஃப். "75 சதவீத வருகை இருந்தால்தான் விடுவார்கள்" என்பது ஒன்லி இஃப். அந்த ஒரு "தான்" எல்லாவற்றையும் திருப்பிவிடுகிறது. இரண்டாவது வாக்கியத்திலிருந்து, தேர்வெழுதியவருக்கு 75 சதவீதம் இருந்தது என்று சொல்லலாம். 75 சதவீதம் உள்ளவரை விட்டுவிடுவார்கள் என்று சொல்ல முடியாது, கட்டணப் பாக்கி இருக்கலாம். "அன்லெஸ்" வந்தால் "-ஆவிட்டால்" என்று மாற்றிப் படியுங்கள்: அபராதம் கட்டாவிட்டால் உரிமம் ரத்தாகும். கட்டினால் ரத்தாகாது என்று அந்த வாக்கியம் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

"சில", "பெரும்பாலான" வரும் கேள்விகளில் யார் சொல்வது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணைப் போட்டுப் பாருங்கள், வாக்குவாதமே தேவைப்படாது.

ஒரு வகுப்பில் 10 பேர். பெரும்பாலானோர் இசை கற்கிறார்கள்: 6 என்று வையுங்கள். பெரும்பாலானோர் நடனமும் கற்கிறார்கள்: 6. ஆறும் ஆறும் பன்னிரண்டு, இருப்பதோ பத்துப் பேர். குறைந்தது 2 பேர் இரண்டையும் கற்றே ஆக வேண்டும். ஆகவே "சிலர் இசையும் நடனமும் கற்கிறார்கள்" கட்டாயம் உண்மை.

இப்போது வேறு மாதிரி. இசை கற்பவர்களில் பெரும்பாலானோர் நடனம் கற்கிறார்கள். நடனம் கற்பவர்களில் பெரும்பாலானோர் கராத்தே கற்கிறார்கள். இசை கற்பவர் சிலர் கராத்தே கற்கிறார்களா? இசையில் 10 பேர், அதில் 6 பேர் நடனத்தில். நடனத்தில் மொத்தம் 100 பேர், அதில் 60 பேர் கராத்தே. நம் ஆறு பேரும் மீதமுள்ள 40 பேருக்குள் அடங்கிவிடலாம். எதுவும் சொல்ல முடியாது.

இன்னொன்று: பேச்சில் "சிலர் வந்தார்கள்" என்றால் எல்லாரும் வரவில்லை என்று பொருள். தர்க்கத்தில் "சில" என்றால் குறைந்தது ஒன்று, எல்லாமாகவும் இருக்கலாம். இந்த இரண்டு பொருளையும் கலந்து படித்தவர்கள் எந்த ஆண்டும் இருப்பார்கள்.

உட்காரும் வரிசை, அட்டவணை மாதிரியான புதிர்களை எப்படி ஒப்பிடுவது?

விடையைச் சொல்லாமல் வரிசையைக் காட்டுங்கள். உதாரணம்: குமார், மாலா, ரவி, தேவி நால்வரும் ஒரே பக்கம் பார்த்து ஒரே வரிசையில். குமாருக்கு அடுத்து வலப்பக்கத்தில் மாலா. தேவி எந்த ஓரத்திலும் இல்லை.

ஒருவர் "குமார், மாலா, தேவி, ரவி" என்று எழுதி, தேவிக்குப் பக்கத்தில் மாலா என்று விடை போட்டிருப்பார். இன்னொருவர் "ரவி, தேவி, குமார், மாலா" என்று எழுதி, தேவிக்குப் பக்கத்தில் குமார் என்று போட்டிருப்பார். இருவர் வரிசையும் நிபந்தனைகளை மீறவில்லை. ஆகவே "கட்டாயம் உண்மை எது" என்றால் இரண்டிலும் பொதுவாக இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும்: ரவி ஓரத்தில் இருக்கிறார், தேவிக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஒரு வரிசை கிடைத்ததும் நிறுத்திவிட்டதுதான் இருவர் செய்த பிழையும்.

மூன்றாவதாக ஒரு வரிசை இருக்கிறதா என்றும் பாருங்கள். குமார்–மாலா நடுவில் உட்கார்ந்தால் தேவி ஓரத்துக்குப் போய்விடுவார், எனவே இல்லை. புதிர்களில் நல்ல செய்தி, இங்கே கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. நிபந்தனையை மீறிய வரிசையை விரல் வைத்துக் காட்டிவிடலாம்.

கோச்சிங் சென்டர்கள் அன்று மாலையே வெளியிடும் விடைகளை நம்பலாமா?

கணக்குக்கும் பொது அறிவுக்கும் ஓரளவு நம்பலாம். லாஜிக்கல் ரீசனிங்குக்கு, காரணம் எழுதியிருந்தால் படியுங்கள். வெறும் ஏ, பி, சி, டி பட்டியல் என்றால் ஒதுக்குங்கள். சில மணி நேரத்தில் 120 கேள்விகளுக்கு விடை போடுபவர்களும் உங்களைப் போலவே அவசரத்தில்தான் போடுகிறார்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுவதும் நடக்கும். மூன்று பட்டியல்கள் ஒத்துப்போனால் மூன்று சாட்சி என்று எண்ணாதீர்கள். எந்தக் கேள்விகளில் பட்டியல்கள் தங்களுக்குள் மாறுபடுகின்றன என்று பாருங்கள். அவை உங்கள் தகராறுப் பட்டியலோடு பொருந்தினால், அந்தக் கேள்விகளில் ஏதோ இருக்கிறது.

அதிகாரபூர்வ விடைக்குறிப்பு வரும் வரை மதிப்பெண்ணை எப்படிக் கணிப்பது?

ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு எண் போடுங்கள். 24 கேள்விகளில் 15 உறுதியாகச் சரி, 4 உறுதியாகத் தவறு, 1 விட்டது, 4 தகராறு என்று வைத்துக்கொள்வோம். தகராறு நான்கும் தவறானால்: 15-இலிருந்து 8 × 0.25 = 2 கழிய, 13. நான்கும் சரியானால்: 19-இலிருந்து 1 கழிய, 18. உங்கள் மதிப்பெண் 13-க்கும் 18-க்கும் இடையில். வீட்டில் கேட்டால் 13 என்று சொல்லுங்கள்.

ஒரு கேள்வி தவறிலிருந்து சரியாக மாறினால் கூடுவது 1.25, ஒன்றல்ல. பலர் இந்தக் கால் மதிப்பெண்ணை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டில் ஒன்று என்று குழம்பி நிரப்பியது தப்பாகிவிட்டது. விட்டிருக்க வேண்டுமா?

வேண்டாம். இரண்டை நியாயமாகத் தள்ளிவிட்டு மீதி இரண்டில் ஒன்றை நிரப்பினால் சராசரியாக 0.5 − 0.125 = 0.375 லாபம். நான்கில் குருட்டடி அடித்தால்கூட 0.25 − 0.1875 = 0.0625, மயிரிழை லாபம்தான், ஆனால் நட்டமில்லை. "இரண்டில் ஒன்று" என்று குறித்த கேள்விகளில் பாதிக்கு மேல் தவறியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். தள்ளக்கூடாததைத் தள்ளியிருக்கிறீர்கள், அல்லது கவர்ச்சியான ஆப்ஷன் பக்கமே எப்போதும் சாய்கிறீர்கள்.

தற்காலிக விடைக்குறிப்பு வந்த பிறகு ஆட்சேபம் தெரிவிக்க எவ்வளவு அவகாசம், எவ்வளவு செலவு?

அவகாசம் மிகக் குறைவு. 2025 சேர்க்கைக்கான தேர்வு 2024 டிசம்பர் 1 அன்று நடந்தது. மறுநாளே தற்காலிக விடைக்குறிப்பு வந்தது. ஆட்சேபத்துக்கு டிசம்பர் 3 மாலை 4 மணி வரை மட்டுமே நேரம். ஓர் ஆட்சேபத்துக்கு 1000 ரூபாய். ஏற்கப்பட்டால் திருப்பித் தரப்படும். அவகாசமும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு வெளியிடும் அறிவிப்பைப் பாருங்கள்.

இதனால்தான் தேர்வு நாள் மாலையிலேயே ஒப்பிட்டு முடிக்கச் சொல்வது. விடைக்குறிப்பு வந்த பிறகு முதல் தடவையாக யோசிக்கத் தொடங்கினால், பணம் கட்டும் பக்கம் திறப்பதற்குள் நேரம் போய்விடும். கேள்வி எண்ணைப் பதியும்போது எந்த செட்டின் எண்ணைக் கேட்கிறார்கள் என்று இரண்டு முறை சரிபாருங்கள்; நல்ல வாதத்தைத் தவறான எண்ணில் பதிந்தால் 1000 ரூபாய் போனது போனதுதான்.

ஆட்சேபத்தை எப்படி எழுதுவது?

சுருக்கமாக, மூன்று அடியில். கேள்வி என்ன கேட்கிறது. விடைக்குறிப்பில் உள்ள ஆப்ஷன் பத்தியின் எந்த வரியோடு மோதுகிறது. நீங்கள் சொல்லும் ஆப்ஷன் எந்த வரியில் நிற்கிறது.

மேலே பார்த்த நிழற்குடைக் கேள்விக்கு விடைக்குறிப்பு (ஈ) என்று வந்ததாக வைத்துக்கொண்டால், இப்படி எழுதலாம்: "கேள்வி மிகவும் தளர்த்தும் கூற்றைக் கேட்கிறது. (ஈ) குறிப்பிடும் நகரம் பத்தியில் உள்ள நகரத்தோடு ஒப்பிடத் தக்கது என்று பத்தி சொல்லவில்லை. (அ) அதே நகரத்தில், பத்தி குறிப்பிடும் அதே ஆறு மாதத்தில், பயணிகள் கூடியதற்கு வேறு காரணத்தைக் காட்டுகிறது. எனவே (அ) சரி." அவ்வளவுதான். உண்மையான ஆட்சேபத்தை ஆங்கிலத்தில் எழுதுவீர்கள். நீளம் இதைத் தாண்ட வேண்டியதில்லை.

எடுபடாதவை: "இன்ன சென்டரின் கீயில் பி என்றிருக்கிறது", "என் நண்பர்கள் எல்லாரும் இதைத்தான் போட்டார்கள்", "உண்மை வாழ்க்கையில் இப்படி நடப்பதில்லை". கடைசியானது குறிப்பாக ஆபத்து. பத்திக்கு வெளியே போய்விட்டீர்கள் என்பதை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும்.

எத்தனைக்கு ஆட்சேபம் போடலாம் என்றால், காசு உங்களுடையது. ஆனால் நீங்கள் சரியாகப் போட்ட கேள்விக்கு ஆட்சேபம் போட வேண்டியதில்லை, தவறியவற்றில் மேலே சொன்ன மூன்று அடியையும் நிரப்ப முடிந்தவை ஒன்றிரண்டுதான் தேறும்.

கேள்வியையே நீக்கிவிட்டால் யாருக்கு லாபம்?

தவறாகப் போட்டவருக்கு. அவருக்குப் போன 0.25 திரும்பி வரும். சரியாகப் போட்டவருக்கு 1 குறையும். விட்டவருக்கு மாற்றமில்லை. இருவருக்கும் இடையே இருந்த 1.25 இடைவெளி மறையும். மதிப்பெண் கால் கால் ஆக நெருங்கிக் கிடக்கும் இடங்களில் இதனால் ரேங்க் நன்றாகவே நகரும். மொத்த மதிப்பெண்ணும் 120-ஐவிடக் குறையும் என்பதால், போன ஆண்டு மதிப்பெண்ணோடு அப்படியே ஒப்பிடக் கூடாது.

சம மதிப்பெண் வந்தால் லாஜிக்கல் ரீசனிங் கைகொடுக்காது. முதலில் பார்ப்பது லீகல் ரீசனிங் (சட்டம் சார்ந்த பகுதி) மதிப்பெண்ணை, பிறகு வயதில் மூத்தவரை, அதற்கும் பிறகு கணினிக் குலுக்கல்.

இறுதி விடைக்குறிப்பும் தவறு என்று தோன்றினால் நீதிமன்றம் போகலாமா?

போயிருக்கிறார்கள், வென்றும் இருக்கிறார்கள். 2025 சேர்க்கைக்கான தேர்வில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2024 டிசம்பர் 20 அன்று ஏ செட்டின் 14, 100 ஆகிய கேள்விகளில் பிழை கண்டார். பல உயர் நீதிமன்றங்களில் இருந்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் டெல்லிக்கு மாற்றியது. ஏப்ரல் 23 அன்று அங்கே இரு நீதிபதி அமர்வு தீர்ப்பளித்தது. அதன் மேல்முறையீட்டில் மே 7 அன்று உச்ச நீதிமன்றம் மேலும் சில கேள்விகளைத் திருத்தி, பட்டியலை மறுபடி வெளியிடச் சொன்னது. டிசம்பரில் எழுதிய தேர்வுக்கு மே மாதம் வரை கலந்தாய்வு காத்திருந்தது.

ஆனால் எல்லாத் தகராறும் அங்கே எடுபடாது. 1983-இல் கான்பூர் பல்கலைக்கழகம் எதிர் சமீர் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இன்றும் நிற்கிறது: விடைக்குறிப்பு சரி என்றே கொள்ள வேண்டும், தவறு என்பது பளிச்சென்று தெரிய வேண்டும், நீண்ட அனுமானச் சங்கிலியால் நிறுவக் கூடாது. 2017-இல் ரண் விஜய் சிங் வழக்கில், ஐயம் இருந்தால் அதன் பலன் தேர்வு நடத்துபவருக்கே என்றும் சொன்னது. லாஜிக்கல் ரீசனிங் கேள்விக்கு இது கொஞ்சம் வேடிக்கையான நிலைமை, அனுமானத்தைச் சோதிக்கும் கேள்வியில் அனுமானத்தை வைத்து வாதாட முடியாது. நிபந்தனைகள் ஒன்றோடொன்று மோதும் புதிர், தரவே தப்பாக அச்சான கேள்வி போன்றவை நிற்கும். "இரண்டாவது ஆப்ஷன் இன்னும் பொருத்தம்" என்பது நிற்பது கடினம்.

தேர்வு முடிந்ததும் கேள்விகளை வெளியே பேசலாமா? அமெரிக்காவில் தடை என்கிறார்களே?

அது எல்சாட், அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு. அங்கே பல கேள்வித்தாள்களை வெளியிடாமல் வேறு நாளில் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். கேள்விகளைப் பகிர மாட்டேன் என்று எழுதுபவரிடம் ஒப்புதல் வாங்குகிறார்கள். கிளாட் நாடு முழுவதும் ஒரே நாளில், ஒரே வேளையில் முடிந்துவிடும். வினாத்தாளும் உங்கள் கையிலேயே இருக்கிறது. எனவே தாராளமாகப் பேசலாம்.

எல்சாட் பழைய தாள்களைப் பயிற்சிக்கு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2024 ஆகஸ்ட் முதல் அதில் லாஜிக் கேம்ஸ் (வரிசை மாதிரியான புதிர்கள்) பகுதி இல்லை. பழைய தாளில் அந்தப் பகுதியும் இருக்கும். கிளாட்டில் வரிசைப் புதிர் வரக்கூடும் என்பதால் அதைத் தூக்கிப் போட வேண்டாம்.

அடுத்த ஆண்டு மறுபடி எழுதப் போகிறேன். இந்த ஒப்பீட்டிலிருந்து எதை எடுத்து வைப்பது?

தவறிய கேள்விகளை அவற்றின் பத்தியோடு வெட்டி ஒட்டுங்கள். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி: நான் போட்ட ஆப்ஷனில் எந்தச் சொல் தவறு, சரியான ஆப்ஷனை ஏன் தள்ளினேன். இரண்டாவது வரிதான் முக்கியம், பலர் அதை எழுதுவதில்லை. "ரொம்பச் சாதாரணமாக இருந்தது" என்று மூன்று கேள்விக்கு எழுதியிருந்தால், உங்கள் கோளாறு எது என்று தெரிந்துவிடும்.

குருட்டடி அடித்துச் சரியானவற்றையும் இதே கட்டில் சேருங்கள். இரண்டு மாதம் கழித்து, உங்கள் குறிப்பை மூடி வைத்துவிட்டு, ஒரு பத்திக்கு ஏழெட்டு நிமிடம் வைத்து மறுபடி போடுங்கள். அதே தவறான ஆப்ஷனை மறுபடி நிரப்பினீர்கள் என்றால் அந்தப் பத்தியைத் தனியே எடுத்து வைத்து, முடிவு எது, அதற்கு ஆதாரம் எது என்று பென்சிலால் கோடிடுங்கள்.

விடைக்குறிப்பு வருவதற்குள் நான்கு முறை ஒப்பிட்டுவிட்டேன், ஒவ்வொரு முறையும் என் மதிப்பெண் குறைகிறது. ஏன்?

ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவரோடு பேசுகிறீர்கள். அவர் மாறுபட்ட இடத்திலெல்லாம் நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். நீங்கள் இருவரும் ஒன்றாகத் தவறிய கேள்வி கணக்கில் வருவதே இல்லை, ஒன்றாகச் சரியாகப் போட்டதும் கண்ணில் படுவதில்லை. ஒருமுறை ஒப்பிட்டுத் தகராறுப் பட்டியலை எழுதியாயிற்று என்றால் தாளை மடித்து வினாத்தாளுக்குள் வையுங்கள். தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும் அதே தாளை எடுத்து, தகராறுக் கேள்விகளிலிருந்து தொடங்குங்கள்.